ஊர்க் குப்பையும் உலக உதவியும்

வளரும் நாடுகளின் நகரங்கள் தங்கள் குப்பையை ஒழுங்காக அள்ளி, யாருக்கும் தீங்கில்லாமல் அகற்ற வெளிநாடுகளால் உதவ முடியுமா? முடியும் என்றால் எந்த வகையில்? இந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. 1982இல் சாண்ட்ரா கொயின்ட்ரோ உலக வங்கிக்காக எழுதிய வழிகாட்டி, ஏழை நாடுகளின் நகரக் குப்பையைத் தனிப் பொருளாக எடுத்துக்கொண்ட தொடக்ககால ஆவணங்களில் ஒன்று. 1992 ரியோ மாநாட்டில் ஏற்கப்பட்ட ‘நிகழ்ச்சி நிரல் 21’ தன் இருபத்தோராம் அத்தியாயத்தைத் திடக்கழிவுக்காக ஒதுக்கியது. 2015இல் ஐ.நா. வகுத்த நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நகரக் குப்பைச் சேகரிப்பு ஓர் அளவுகோலாகவே சேர்க்கப்பட்டது.

இத்தனைக்கும் நடுவே குப்பைமேடுகள் சரிந்து மனிதர்களை மூடின. 2000 ஜூலையில் மணிலாவை ஒட்டிய பயாத்தாஸில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2005 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் பண்டுங் அருகே 140 பேருக்கு மேல். 2017 மார்ச்சில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவின் கோஷே கிடங்கில் 110 பேருக்கு மேல். அடுத்த மாதமே, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பின் மீதொட்டமுல்ல மேடு வீடுகள் மீது சாய்ந்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த மேடுகளின் அடிவாரத்தில் குடியிருந்த ஏழைகள், குப்பையில் பிழைப்பு தேடியவர்கள். இந்தக் கேள்வியை வெறும் பொறியியல் கேள்வியாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே போதிய காரணம்.

## கணக்கின் அடிப்படை

உலக வங்கி 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி உலகம் 2016இல் உண்டாக்கிய நகரக் குப்பை 201 கோடி டன். 2050இல் அது 340 கோடி டன்னாகும் என்று அப்போது கணித்தார்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை அந்தக் கணிப்பை 380 கோடிக்கு உயர்த்தியது. சுமார் 270 கோடிப் பேரின் வீட்டுக் குப்பையை அள்ள யாரும் வருவதில்லை என்றும் அது சொல்கிறது. மிக ஏழை நாடுகளில் குப்பையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெட்டவெளியில் கொட்டப்படுகிறது, அல்லது எரிக்கப்படுகிறது.

இதைவிட முக்கியமான எண்கள் செலவுப் பக்கத்தில் இருக்கின்றன. ஏழை நாடுகளின் நகராட்சிகள் தம் வரவுசெலவில் சராசரியாக 20 விழுக்காட்டைக் குப்பைக்கே செலவிடுகின்றன. பணக்கார நாடுகளில் இது 4 விழுக்காடு. அந்தச் செலவில் ஏறத்தாழ 70 விழுக்காடு, பல இடங்களில் அதற்கும் மேல், அன்றாட நடப்புச் செலவு: சம்பளம், டீசல், டயர், பழுதுபார்ப்பு. கட்டடமும் இயந்திரமும் எஞ்சிய பகுதிதான். வெளியுதவியின் வரலாற்றை இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பல தோல்விகள் தாமாகவே விளங்கும்.

## லாரியும் புதைகிடங்கும்

முதலில் வந்த விடை பொறியாளர்களுடையது. 1970களிலும் 80களிலும் உதவி முகமைகள் குப்பையைக் கருவி இல்லாத குறையாகப் பார்த்தன. ஊரில் லாரி இல்லையா, லாரி கொடு. கொட்ட இடம் இல்லையா, அடியில் விரிப்பிட்டு, கசிவுநீரை வடித்து, நாள்தோறும் மண் மூடும் நவீனப் புதைகிடங்கு கட்டிக் கொடு. ஐரோப்பா தன் நகரங்களில் செய்ததை அப்படியே கொண்டுவந்து வைப்பதுதான் அதன் உள்ளடக்கம்.

இந்த விடை எப்படிச் சறுக்கும் என்பதற்குக் காத்மாண்டு மிகத் தெளிவான சான்று. 1980 முதல் ஜெர்மனியின் தொழில்நுட்ப உதவி அமைப்பு அங்கே குப்பைக்கென்று ஒரு தனி மையம் உருவாகத் துணைநின்றது. கோகர்ணாவில் புதைகிடங்கு வந்தது, தேக்குவில் உரத் தொழிற்கூடம் வந்தது, வண்டிகள் வந்தன. நகரத்தின் பெரும்பகுதி ஓரளவு சுத்தமாகவே இருந்தது. ஆனால் அந்தச் சுத்தத்தின் நடப்புச் செலவில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தது. 1990இல் மன்னராட்சியின் கட்டுப்பாடு தளர்ந்து மக்களாட்சி வந்தபோது, கோகர்ணாவிலும் தேக்குவிலும் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தவர்கள் வாய்திறந்தார்கள். உரக்கூடம் மூடப்பட்டது. 1993இல் ஜெர்மானியர்கள் விலகினார்கள். பொறுப்பு நகராட்சிகளின் தலையில் விழுந்தது. அவற்றிடம் பணமும் இல்லை, அதிகாரமும் தெளிவாக இல்லை. கிடங்கு விட்டுவிட்டு மூடப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்கும் மேல் தலைநகரின் குப்பை பாக்மதி, விஷ்ணுமதி ஆறுகளின் கரையில் கொட்டப்பட்டது. மக்கள் தீர்த்தமாடும் ஆறுகள் அவை.

பிறகு ஜப்பானின் ஜைக்கா அமைப்பு வந்தது. புதிய திட்டம் வரைந்தது. 2005இல் சிஸ்டோலில் இரண்டு மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று ஒரு தற்காலிகக் கிடங்கு திறக்கப்பட்டது. நிரந்தரக் கிடங்கு பக்கத்திலேயே பன்சரே டாண்டாவில் வரும் என்றார்கள். அது 2022இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகள் அந்தத் தற்காலிகக் கிடங்கே நகரத்தைச் சுமந்தது. அதைச் சுற்றியுள்ள கிராமத்தார் மீண்டும் மீண்டும் சாலையை மறித்தார்கள். மறித்தபோதெல்லாம் காத்மாண்டின் தெருக்களில் குப்பை குவிந்தது. இரண்டு நாடுகளின் அனுபவமும் அக்கறையும் அங்கே உண்மையாகவே இருந்தன. இல்லாதவை இரண்டு: உதவி நின்ற மறுநாள் டீசலுக்கான பணம், கிடங்குக்குப் பக்கத்தில் வாழ்பவர்களின் சம்மதம்.

அடிஸ் அபாபாவில் இரண்டாவது குறை நேரடியாக உயிரிழப்போடு சேர்ந்தே வந்தது. கோஷே நிரம்பி வழிந்ததால் பிரெஞ்சு மேம்பாட்டு முகமையின் நிதியுதவியோடு செந்தாஃபாவில் நவீனப் புதைகிடங்கு கட்டி 2016 தொடக்கத்தில் திறந்தார்கள். சுற்றியிருந்த உழவர்கள் எதிர்த்தார்கள். சில மாதங்களில் அது மூடப்பட்டு, லாரிகள் மறுபடி கோஷேக்குத் திரும்பின. அடுத்த ஆண்டு மார்ச்சில் கோஷே சரிந்தது. செந்தாஃபா இயங்கியிருந்தால் சரிவு நிகழ்ந்தே இருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஐம்பது ஆண்டுக்கு மேல் குவிந்த மேடு அது. ஆனால் புதிய சுமை குறைந்திருக்கும் என்பதை மறுப்பதும் கடினம்.

லாரிகளின் கதை இதைவிடச் சுருக்கமானது. பணக்கார நாடுகளின் கம்பாக்டர் லாரி, காற்றடைத்த அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக்கும் நிறைந்த லேசான குப்பையை அழுத்துவதற்காக உருவானது. நம்மூர்க் குப்பையில் பாதிக்கு மேல் காய்கறிக் கழிவும் மிச்சச் சோறும் இலைதழையும். அது ஏற்கெனவே ஈரமாக, கனமாக இருக்கிறது. அழுத்தினால் சாறு வடியும், அச்சு தேயும், சந்துக்குள் வண்டி நுழையாது. உதிரிபாகம் கப்பலில் வர வேண்டும். நன்கொடையாக வந்த வண்டிகள் நகராட்சிப் பணிமனைகளில் துருப்பிடித்து நிற்பதைப் பல நாடுகளின் மதிப்பீட்டு அறிக்கைகள் பதிவுசெய்திருக்கின்றன.

இருந்தாலும் பொறியியல் விடையை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது. ஜப்பானின் ஃபுகுவோகா பல்கலைக்கழகமும் அந்நகராட்சியும் சேர்ந்து 1970களில் உருவாக்கிய முறை இதற்கு மாற்றுச் சான்று. கிடங்கின் அடியில் துளையிட்ட குழாய்களைக் கற்களோடு பதித்தால், உள்ளே மட்கும் வெப்பத்தால் வெளிக்காற்று தானாக உள்ளே ஏறும். மீத்தேன் குறையும், கசிவுநீரின் நச்சும் குறையும். பம்பு வேண்டாம், மின்சாரமும் அதிகம் வேண்டாம். மலேசியாவிலும் சமோவாவிலும் இது வேரூன்றியது. கோஷே சரிந்த பிறகு அந்த மேட்டைப் பாதுகாப்பாக்க ஐ.நா. வாழ்விட அமைப்பு இதே முறையைத்தான் கையாண்டது. எளிய தொழில்நுட்பம் எளிதாகப் பயணம் செய்கிறது.

## நிர்வாகம் பற்றிய விடை

1990களில் பார்வை மாறியது. கருவி வந்தும் குப்பை போகவில்லையென்றால் கோளாறு நிர்வாகத்தில் என்றார்கள். நெதர்லாந்தின் வேஸ்ட் என்ற அமைப்பைச் சேர்ந்த ஆர்னல்ட் வான் டி க்ளுண்டர்ட், யுஸ்டீன் அன்ஷுட்ஸ் போன்றோர் ‘ஒருங்கிணைந்த நிலைத்த கழிவு மேலாண்மை’ என்ற சட்டகத்தை முன்வைத்தனர். யார் பங்குபெறுகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, சட்டம் யாருக்கு அதிகாரம் தருகிறது என்பவை லாரிக்குச் சமமான கேள்விகளாயின. ஐ.நா. வாழ்விட அமைப்பு 2010இல் இருபது நகரங்களை ஒப்பிட்டு வெளியிட்ட நூல் இந்தச் சிந்தனையின் முதிர்ந்த வடிவம். எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே தீர்வு கிடையாது என்பது அதன் மையச் செய்தி.

இந்த வழியில் நன்றாக நடந்ததாகக் கருதப்படுவது டாக்கா. ஜைக்காவின் துணையோடு 2005இல் பெருந்திட்டம் தயாரானது. மாதுவாயில் என்னும் இடத்தில் இருந்த திறந்த கிடங்கு 2007 வாக்கில் ஓரளவு முறைப்படுத்தப்பட்டது. வார்டு அளவில் துப்புரவு அலுவலகம், அங்குள்ள ஆய்வாளருக்கு அதிகாரம், தெருமக்களோடு பேச்சு என்று கீழிருந்து கட்டினார்கள். வண்டிகள் கடைசியில் வந்தன. ஒரே நகரத்தோடு பல ஆண்டுகள் தொடர்ந்து இருந்ததே இதன் பலம் என்று தோன்றுகிறது.

அந்தப் பலமே இந்த விடையின் பலவீனத்தையும் காட்டுகிறது. பெரும்பாலான உதவித் திட்டங்களின் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டு. ஒரு நகராட்சி தன் பழக்கத்தை மாற்றப் பத்தாண்டுக்கு மேல் வேண்டும். பயிற்சி பெற்ற அதிகாரி இடமாற்றத்தில் போய்விடுகிறார். ஆலோசகர்கள் எழுதிய பெருந்திட்டம் அலமாரியில் தங்கிவிடுகிறது. ‘திறன் வளர்த்தல்’ என்ற தலைப்பில் செலவாகும் தொகையில் எவ்வளவு உள்ளூரில் தங்குகிறது, எவ்வளவு ஆலோசகரின் பயணப்படியாகத் திரும்பிப் போகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லும் திட்டங்கள் குறைவு. சொல்ல வேண்டும்.

## சந்தையும் கார்பனும்

நிர்வாகத்தைத் திருத்தக் காலமாகிறது என்றால் தனியாரிடம் விடலாம் என்பது மூன்றாவது விடை. இதற்குச் சென்னை ஒரு முன்னோடி. 2000இல் மாநகராட்சியின் அன்றைய பத்து மண்டலங்களில் மூன்று, பிரான்சைச் சேர்ந்த ஓனிக்ஸ் நிறுவனத்துக்கு ஒப்பந்தமாயின. சீருடையும் புதிய தொட்டிகளும் இரவுநேரத் துப்புரவும் வந்தன. தெருக்களில் மாற்றம் தெரிந்தது. ஆனால் டன்னுக்கு இவ்வளவு என்று பணம் தரும் ஒப்பந்தத்தில் குப்பையைக் குறைக்க யாருக்கும் ஆர்வம் இருக்க வாய்ப்பில்லை. எடை கூடினால்தான் வரவு கூடும். அள்ளிய குப்பை போய்ச் சேர்ந்த இடமோ பழைய பெருங்குடியும் கொடுங்கையூரும்தான். பெருங்குடி மேடு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குள் வளர்ந்துகொண்டே போனது. தெரு சுத்தமாவதும் குப்பை தீர்வதும் வேறு வேறு என்பதை அந்த ஏழாண்டு ஒப்பந்தம் நகரத்துக்குக் காட்டியது.

சந்தை விடையின் இன்னொரு கிளை கார்பன். குப்பைமேட்டிலிருந்து கிளம்பும் மீத்தேனைப் பிடித்து எரித்தால், குறைந்த வெப்பவாயுவுக்கு ஈடாகப் பணக்கார நாடு பணம் தரும் என்று கியோட்டோ ஒப்பந்தம் வழிவகுத்தது. அந்தத் தூய வளர்ச்சிப் பொறிமுறையில் உலகில் முதலில் பதிவான திட்டமே, 2004 நவம்பரில், பிரேசிலின் நோவா இக்வாசு நகரக் குப்பைக் கிடங்கின் வாயுத் திட்டம்தான். டாக்காவில் வேஸ்ட் கன்சர்ன் அமைப்பு ஒரு டச்சு நிறுவனத்தோடு சேர்ந்து உரம் தயாரிப்பையே கார்பன் கணக்கில் கொண்டுவந்தது. அதுவரை குப்பைக்கு வராத நடப்புச் செலவுப் பணம், கொள்கையளவில், இப்போது வரத் தொடங்கியது. பிறகு ஐரோப்பியச் சந்தையில் விலை விழுந்தது. 2008இல் 20 யூரோவுக்கு மேல் போன கார்பன் அலகு 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே வந்தது. அந்த வரவை நம்பிக் கணக்குப் போட்டிருந்த திட்டங்கள் நடுவழியில் நின்றன. தினமும் அள்ள வேண்டிய குப்பையைத் தொலைதூரச் சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு கட்டக் கூடாது என்ற பாடத்தை இன்று ‘பிளாஸ்டிக் கிரெடிட்’ அலகுகளை விற்கும் திட்டங்கள் எந்த அளவுக்கு எடுத்துக்கொண்டிருக்கின்றன என்பது ஐயத்துக்குரியது.

## எரிஉலை என்னும் ஈர்ப்பு

குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பது அரசியல்வாதிகளுக்கும் கடன் தரும் வங்கிகளுக்கும் ஒருங்கே பிடித்த விடை. ஒரே கட்டடம், ஒரே ஒப்பந்தம், ரிப்பன் வெட்ட ஒரு நாள்.

1999இல் உலக வங்கியே வெளியிட்ட வழிகாட்டி இதற்கு ஓர் எல்லை வகுத்தது. குப்பையின் வெப்பமதிப்பு கிலோவுக்கு ஆண்டுச் சராசரி 7 மெகாஜூலாவது இருக்க வேண்டும், எந்தப் பருவத்திலும் 6க்குக் கீழே போகக் கூடாது. மழைக்காலத்து ஈரக் குப்பையை வைத்துக்கொண்டு இந்த எல்லையைத் தாண்டுவது பல நகரங்களுக்குக் கடினம். கோஷே சரிவுக்கு அடுத்த ஆண்டு, 2018 ஆகஸ்டில், அதன் அருகிலேயே சீன நிறுவனத்தின் கட்டுமானத்தில் ரெப்பி எரிஉலை திறக்கப்பட்டது. நாளுக்கு 1,400 டன், நகரக் குப்பையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, எரிக்கும் என்றார்கள். திறந்த பிறகும் நீண்ட காலம் அது முழு அளவில் இயங்கவில்லை. டெல்லியின் ஓக்லாவில் 2012இல் தொடங்கிய ஆலை கார்பன் கணக்கிலும் பதிவானது. அதன் புகையைக் குடியிருப்போரும், தங்கள் பிழைப்பு அதில் எரிவதைக் குப்பை பொறுக்குவோரும் எதிர்த்தார்கள்.

கொழும்பு மீதொட்டமுல்லவுக்குப் பிறகு இரண்டு வழியிலும் போனது. புத்தளம் மாவட்டத்தின் அறுவாக்காட்டில் புதைகிடங்கு, கெரவலப்பிட்டியில் 2021 முதல் மின் எரிஉலை. நிலம் அரிதான பெருநகருக்கோ மாலத்தீவு போன்ற தீவுக்கோ எரிஉலை பொருந்தலாம். ஆனால் ஓர் எரிஉலை இருபது, இருபத்தைந்து ஆண்டு குப்பையை வாக்களிக்கச் சொல்கிறது. தரம்பிரித்துக் குறைக்க முயலும் நகரத்துக்கு அந்த வாக்குறுதி கைவிலங்காகிறது. இதனால் வளரும் நாடுகளில் எரிஉலைக்கான பன்னாட்டுக் கடனை விதிவிலக்காக மட்டுமே வைத்திருப்பது நல்லது என்பது இக்கட்டுரையின் கருத்து.

## சிறியது, பக்கத்தில் இருப்பது

குப்பையில் பாதிக்கு மேல் மட்குவது என்றால் அதை மட்கவிடுவதுதானே முறை? 1995இல் டாக்காவில் இஃப்தேகார் எனாயத்துல்லாவும் மக்சூத் சின்ஹாவும் தொடங்கிய வேஸ்ட் கன்சர்ன், தெருவிலேயே சிறு உரக்கூடங்களை நடத்திக் காட்டியது. ஐ.நா.வின் ஆசிய பசிபிக் ஆணையம் அந்த மாதிரியை 2007இல் வியட்நாமின் குய் ஞோன் நகருக்கும் இலங்கையின் மாத்தளைக்கும் எடுத்துச் சென்றது. ஒரு தெற்கு நாட்டில் பிறந்த முறை இன்னொரு தெற்கு நாட்டுக்குப் போனது இங்கே கவனிக்கத்தக்கது.

இந்தோனேசியாவின் சுரபயாவில் நடந்தது இதிலும் சிறப்பு. ஜப்பானின் கிட்டாக்யூஷு நகராட்சி சுரபயா நகராட்சியோடு நேரடியாகக் கைகோத்தது. கோஜி தக்காகுரா என்ற பொறியாளர் உள்ளூரில் கிடைக்கும் புளிப்பேறிய உணவுகளிலிருந்தே நுண்ணுயிர்களை எடுத்து, ஒரு கூடைக்குள் சில வாரத்தில் உரமாகும் முறையை அங்கேயே உருவாக்கினார். நகராட்சி ஆயிரக்கணக்கான கூடைகளை இலவசமாகத் தந்தது. தெருவாரியான பெண்கள் குழுக்கள் அதை வீடுவீடாகக் கற்றுக்கொடுத்தன. நகரம் கிடங்குக்கு அனுப்பிய குப்பை சில ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாகப் பதிவு இருக்கிறது. செலவு ஒரு புதைகிடங்கோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது.

இதைப் பரப்புவதில் இடர்கள் உண்டு. பிரிக்காத குப்பையில் செய்த உரத்தில் கண்ணாடித் துண்டும் கன உலோகமும் வரும். உழவர் ஒருமுறை வாங்கினால் மறுமுறை வாங்கமாட்டார். மானிய விலையில் ரசாயன உரம் கிடைக்கும் நாட்டில் குப்பை உரம் விலையில் போட்டியிட முடியாது. கடன் கொடுக்கும் வங்கிக்கோ கூடை மிகச் சிறிய திட்டம். பத்து இலட்சம் டாலருக்குத் தயாரிக்கும் அதே ஆவணங்களைத்தான் பத்துக் கோடி டாலருக்கும் தயாரிக்க வேண்டும் என்பதால், பெரிய தொகையின் பக்கமே சாய்கிறார்கள்.

## குப்பை பொறுக்குவோர்

நீண்ட காலம் எந்த விடையிலும் இல்லாதவர்கள் இவர்கள். வளரும் நாடுகளில் மறுசுழற்சி என்று நடப்பதன் பெரும்பகுதி இவர்களின் சாக்குப்பையிலிருந்தும் காயலான் கடையிலிருந்தும் தொடங்குகிறது. பன்னாட்டு மதிப்பீடுகள் இவர்களை ஒன்றரை முதல் இரண்டு கோடிப் பேர் என்கின்றன. புதைகிடங்குக்கு வேலி போட்டபோதும், தனியாருக்கு ஒப்பந்தம் கொடுத்தபோதும் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் இவர்களே.

மாற்றம் இவர்களின் போராட்டத்திலிருந்து வந்தது. கொலம்பியாவில் பொகோட்டா நகரப் பொறுக்குவோர் அரசியல் சாசன நீதிமன்றம் சென்று 2003 முதல் அடுத்தடுத்துத் தீர்ப்புகளைப் பெற்றார்கள். 2013 முதல் அவர்கள் மீட்ட பொருளின் எடைக்கு நகரம் சேவைக் கட்டணம் தரத் தொடங்கியது. புனேயில் 1993இல் சங்கமாகத் திரண்டவர்கள் 2008இல் ஸ்வச் கூட்டுறவாகி, வீடுவீடாகக் குப்பை வாங்கிப் பயனர் கட்டணத்தில் பிழைக்கிறார்கள். ரியோவின் கிரமாச்சோ கிடங்கை 2012இல் மூடியபோது சுமார் 1,700 பேருக்கு இழப்பீடு கிடைத்தது. 2008இல் பொகோட்டாவில் கூடிய முதல் உலக மாநாடு முதல் இவர்கள் பன்னாட்டு அமைப்பாகவும் வளர்ந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் மாசு பற்றிய பன்னாட்டு உடன்படிக்கைப் பேச்சில் இவர்களின் குரல் தனியாகக் கேட்டது.

ஆனாலும் சேர்த்துக்கொள்வது என்றால் என்ன என்பதில் தெளிவில்லை. அடையாள அட்டையும் கையுறையும் தந்துவிட்டு ஒப்பந்தத்தை வேறொருவருக்குத் தருவதையும் சேர்த்தல் என்கிறார்கள். பிள்ளைகளும் இதே தொழிலில் தொடர வேண்டுமா என்ற கடினமான கேள்வி அவர்களுக்குள்ளேயே விவாதத்தில் இருக்கிறது. நம் நாட்டில் இந்த வேலை சாதியோடு பிணைந்திருக்கும்வரை அந்த விவாதத்தை யாரும் எளிதாகத் தீர்த்துவிட முடியாது.

## உதவி ஒரு திசையில், குப்பை எதிர்த்திசையில்

ஒத்துழைப்பைப் பேசும் அதே கப்பல்வழியில்தான் பணக்கார நாட்டுக் குப்பையும் வந்தது. 1986இல் பிலடெல்பியாவின் எரிஉலைச் சாம்பலோடு கிளம்பிய கியான் சீ கப்பல் அதில் ஒரு பகுதியை ஹைத்தியில் கொட்டியது. நைஜீரியாவின் கோகோவில் இத்தாலிய நச்சுப் பீப்பாய்கள் 1988இல் கண்டுபிடிக்கப்பட்டன. அந்தச் சினத்தில் பிறந்தது 1989 பாசல் உடன்படிக்கை. அது போதாது என்று ஆப்பிரிக்க நாடுகள் 1991இல் பமாக்கோ உடன்படிக்கையைத் தாமே செய்துகொண்டன. பணக்கார நாடுகளிலிருந்து ஏழை நாடுகளுக்கு ஆபத்தான கழிவு போவதை முழுதும் தடுக்கும் பாசல் திருத்தம் 1995இல் ஏற்கப்பட்டு 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா இன்றுவரை பாசல் உடன்படிக்கையில் உறுப்பினர் இல்லை.

2018 ஜனவரியில் சீனா பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவை மூடியதும் அந்தச் சரக்கு மலேசியாவுக்கும் வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் திரும்பியது. பிரிட்டனிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த சுமார் 260 கண்டெய்னர்கள், மெத்தை, கம்பளம் என்ற பெயரில் வந்தவை, வழக்குக்குப் பிறகு 2020க்கும் 2022க்கும் இடையே திருப்பி அனுப்பப்பட்டன. பிலிப்பைன்ஸ் 2019இல் 69 கண்டெய்னர்களைக் கனடாவுக்குத் திருப்பியது. இந்தியா அதே ஆண்டு பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடைசெய்தது. 2021 முதல் கலப்பு பிளாஸ்டிக்கும், 2025 முதல் எல்லா மின்னணுக் கழிவும் பாசல் உடன்படிக்கையின் முன்ஒப்புதல் விதிக்குள் வந்துவிட்டன. 2026 நவம்பரிலிருந்து வளரும் நாடுகளுக்கு பிளாஸ்டிக் கழிவு அனுப்புவதை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்துவதாகச் சட்டம் இயற்றியிருக்கிறது.

எந்தப் புதைகிடங்குத் திட்டத்தையும்விட இந்தத் தடைகள் ஏழை நாடுகளுக்கு உறுதியான நன்மை தந்திருக்கின்றன என்று வாதிட இடமுண்டு. இவை நன்கொடை கேட்கவில்லை, உரிமையை நிலைநாட்டின. குறை என்னவென்றால், பயன்படுத்திய துணி, பழைய மின்சாதனம் என்ற பெயரில் வருவதைத் துறைமுகத்தில் பிரித்தறியும் ஆளும் கருவியும் பல நாடுகளில் இல்லை. உற்பத்தி முதல் அகற்றல்வரை பிளாஸ்டிக்கின் முழு ஆயுளையும் உள்ளடக்கும் உடன்படிக்கைக்கு 2022இல் நைரோபியில் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் பூசானில் 2024 முடிவிலும், ஜெனீவாவில் 2025 ஆகஸ்டிலும் கூடிய அமர்வுகள் உடன்பாடின்றிக் கலைந்தன.

## தீராத கேள்விகள்

பன்னாட்டு வளர்ச்சி நிதியில் திடக்கழிவின் பங்கு ஏறத்தாழ 0.3 விழுக்காடு என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2015 அறிக்கை கணக்கிட்டது. அதைப் பத்து மடங்காக்க வேண்டும் என்றும் கேட்டது. தொகை கூட வேண்டும் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எதற்குக் கூட வேண்டும் என்பதில்தான் இருக்கிறது. ஏழை நாடுகளில் குப்பையை அள்ளி, ஏற்றி, ஒழுங்காகப் புதைக்கக் குறைந்தது டன்னுக்கு 35 டாலர் ஆகும் என்று உலக வங்கி மதிப்பிட்டிருக்கிறது. நாளுக்கு ஆயிரம் டன் உள்ள நகரத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சம் டாலர். இது ஒருமுறைச் செலவன்று. கடன் வங்கிகளின் விதிகள் மூலதனத்துக்கு இணக்கமாகவும் நடப்புச் செலவுக்கு இறுக்கமாகவும் இருக்கின்றன. நேபாளத்தில் சில நகராட்சிகளுக்கு, சேவையின் தரத்தை அளந்து, மக்கள் தரும் கட்டணத்துக்கும் உண்மைச் செலவுக்கும் இடையிலான பள்ளத்தைச் சில ஆண்டுகள் நிரப்பித் தந்தது ஒரு சோதனை முயற்சி. அது பரவலாக நிற்குமா என்று சொல்லப் போதிய சான்று இன்னும் சேரவில்லை.

மீத்தேன் புதிய வாசலாகலாம். 2021 கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு உறுதிமொழி அதன் வெளியேற்றத்தை 2030க்குள் 30 விழுக்காடு குறைக்கச் சொல்கிறது. 2024இல் பாகுவில் கூடிய காலநிலை மாநாட்டில் மட்கும் கழிவுக்கென்றே ஓர் அறிவிப்பு வந்தது. அந்தப் பணம் கூடைக்கும் உரக்கூடத்துக்கும் போகுமா, எரிஉலைக்கே போகுமா என்பது இனிமேல்தான் தெரியும். உதவியின் நிலையாமை இன்னொரு கவலை. 2025இல் அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் முகமை கலைக்கப்பட்டபோது அதன் நிதியில் நடந்த பல நாட்டுத் திட்டங்கள் பாதியில் நின்றன. காத்மாண்டில் 1993இல் நடந்தது போன்ற விலகல் இன்று அறிவிப்பு இல்லாமலே நடக்கக்கூடும்.

இதுவரை உள்ள சான்றுகளை எடைபோட்டால் சில முடிவுகளை எச்சரிக்கையோடு சொல்லலாம். நகரத்தோடு நகரம் நீண்டகாலம் கைகோத்த உறவுகள், குறுகிய திட்டங்களைவிட நன்றாக நின்றிருக்கின்றன. எளிய முறைகள் விலையுயர்ந்த ஆலைகளைவிட நெடுநாள் ஓடியிருக்கின்றன. கிடங்குக்குப் பக்கத்தில் வாழ்வோரையும் குப்பையில் பிழைப்போரையும் கேட்காமல் கட்டியவை பெரும்பாலும் மூடப்பட்டிருக்கின்றன. ஆகவே, வெளிநாட்டு நிதியில் தம் ஊருக்கு ஒரு குப்பைத் திட்டம் வருகிறது என்று கேள்விப்படும் எந்த வாசகரும் மாமன்றத்தில் ஒன்றைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்: பத்தாவது ஆண்டின் சம்பளத்தையும் டீசலையும் யார் தரப்போகிறார்கள்? அந்தப் பதில் ஒப்பந்தத்தில் இல்லாத திட்டத்துக்கு நகராட்சி கையெழுத்திடக் கூடாது.